டேங்கர் எதிர்ப்புச் சுவரொட்டி: எண்ணெயில் தோய்ந்த பறவையைத் தாண்டி என்ன வரையலாம்?

கேள்வி, மார்ச் 2

கடலோரமாக டேங்கர்கள், அதாவது எண்ணெய்க் கப்பல்கள், போவதை எதிர்க்கும் குழு ஒன்றுக்குச் சுவரொட்டி வரையக் கேட்டிருக்கிறார்கள். எண்ணெயில் தோய்ந்த ஒரு பறவை, கீழே 'கடலைக் காப்போம்'. வேலை முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 2, இரவு

நிறைய இருக்கிறது. அந்தப் பறவையை நானும் பல குழுக்களுக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன். யாருக்கும் பிடிக்காமல் போனதில்லை. பார்ப்பவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். கையெழுத்து மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள்தான்.

பறவை காட்டுவது விபத்தை. குழு எதிர்ப்பது போக்குவரத்தை. இரண்டும் வேறு. விபத்தைக் காட்டியதும் எதிர்த்தரப்புக்குப் பதில் தயாராக இருக்கிறது. டேங்கர் கசிவுகளுக்குக் கணக்கு வைக்கும் ஐடிஓபிஎஃப் அமைப்பின் புள்ளிவிவரப்படி, 700 டன்னுக்கு மேல் கொட்டிய விபத்துகள் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 24க்கு மேல் நடந்தன. 2010களில் ஆண்டுக்கு 2கூட இல்லை. இந்தக் கணக்கு பொய்யில்லை. கூட்டத்தில் அவர்கள் இதை எடுத்துப் போட்டால் உங்கள் பறவை வாயடைத்து நிற்கும்.

ஆனால் மாதத்துக்கு எத்தனை கப்பல் வரும், எவ்வளவு நீளம், எந்த வழியாக என்பதை அவர்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதை வரைந்தால் யாரும் மறுக்க முடியாது.

மார்ச் 3

பறவை போட்டே தீருவேன் என்றால் படம் எங்கிருந்து வந்தது என்றாவது பாருங்கள். இணையத்தில் தேடியதும் முதலில் கண்ணில் படும் பழுப்புக் கூழைக்கடா, 2010 ஜூனில் லூசியானா கரையில் எடுத்தது. அது டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துரப்பண மேடை வெடித்ததால் வந்த எண்ணெய். அங்கே டேங்கரே கிடையாது. டேங்கரை எதிர்க்கும் சுவரொட்டியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பில் யாராவது ஒருவருக்கு இது தெரிந்திருக்கும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் மற்ற உண்மையும் எடுபடாது.

டேங்கர் விபத்துதான் வேண்டுமென்றால் 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் பாறைத்திட்டில் மோதிய எக்ஸான் வால்டிஸ் இருக்கிறது, 2002 நவம்பரில் ஸ்பெயினின் கலீசியா கரைக்கு அப்பால் இரண்டாக உடைந்து மூழ்கிய பிரெஸ்டீஜ் இருக்கிறது.

மார்ச் 3, பிறகு

எக்ஸான் வால்டிஸ் பற்றி ஒன்று விட்டுப்போனது. அதில் கொட்டியது சுமார் 37,000 டன். டேங்கர் விபத்துகளை அளவு வாரியாக அடுக்கினால் முதல் இருபதில்கூட அது வராது. 1978இல் பிரான்சின் பிரிட்டனி கரையில் அமோகோ காடிஸ் கொட்டியது 2,20,000 டன்னுக்கு மேல். ஆனாலும் உலகம் நினைவில் வைத்திருப்பது அலாஸ்காவைத்தான். காரணம் அந்த இடம். பனிமலை, குறுகலான விரிகுடாக்கள், கடல்நீர்நாய்கள். ஆகவே கரையை வரையுங்கள். டன் கணக்கு யார் மனதிலும் நிற்பதில்லை.

மார்ச் 5

"கப்பலை வரைவதில் என்ன இருக்கிறது, கிளிப் ஆர்ட் போதுமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது ஐயா.

முதலில், கன்டெய்னர் கப்பலைப் போட்டு டேங்கர் என்று எழுதாதீர்கள். நான் பார்த்த சுவரொட்டிகளில் இது மிகச் சாதாரணம். மேலே பெட்டிகள் அடுக்கியிருந்தால் அது டேங்கர் இல்லை. மேல்தளத்தில் வரிசையாக அகலமான மூடிகள் தெரிந்தால் அது நிலக்கரியோ தானியமோ ஏற்றும் கப்பல். டேங்கரின் மேல்தளம் ஏறக்குறைய வெறுமையாக, தட்டையாக இருக்கும். நடுவில் நெடுக்காக ஓடும் குழாய்கள், கப்பலின் பாதி நீளத்தில் குறுக்கே ஒரு குழாய்க்கொத்து, அங்கே ஹோஸைத் தூக்க ஒரு சின்ன கிரேன். மாலுமிகள் தங்கும் வெள்ளைக் கட்டடம் பின்கோடியில். அவ்வளவுதான். நிழலுருவமாக வெட்டுவதற்கு இதைவிட எளிய கப்பல் கிடையாது. நீளமாக ஒரு கோடு, பின்னால் ஒரு பல்.

இரண்டாவது, சிவப்பு வயிறு. கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் கிளிஞ்சலும் ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயின்ட் பெரும்பாலும் சிவப்பு. சரக்கு ஏற்றியதும் அது தண்ணீருக்குள் போய்விடும். சரக்கு இல்லாதபோதுதான் வெளியே உயரமாகத் தெரியும். சிவப்பு பார்க்க அழகாக இருக்கிறது, எனவே எல்லா ஓவியர்களும் தாராளமாகப் போடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், சுவரில் ஒட்டியிருந்ததைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "காலிக் கப்பல் மேலயா இவ்வளவு கோபம்?" என்றார். அந்த மேசையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சுவரொட்டி போட்டவர் உட்பட.

மார்ச் 6

சிவப்பு வயிறு பற்றி இன்னும் யோசித்தேன். தவிர்க்க வேண்டியது என்று மட்டும் சொன்னது போதாது, அதை நமக்குச் சாதகமாகவே பயன்படுத்தலாம். இரண்டு சுவரொட்டிகள், ஒரே அளவு, ஒரே கரை, ஒரே கோணம். முதலாவதில் கப்பல் உயரமாக, சிவப்பு தெரிய உள்ளே வருகிறது. இரண்டாவதில் தாழ்ந்து, தண்ணீர் விளிம்பு வரை அமிழ்ந்து வெளியே போகிறது. எழுத்து எதுவும் வேண்டாம். தெருவின் ஒரு முனையில் முதலாவது, மறுமுனையில் இரண்டாவது. நடந்து போகிறவர் இரண்டையும் பார்த்தால் நடுவில் என்ன நடந்தது என்று அவரே கேட்டுக்கொள்வார். எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் எண்ணெய் ஏற்றுமதியைக் காட்டியாயிற்று.

மார்ச் 8

இந்த இழையைத் தொடங்கியவர் "அப்படியானால் நீங்கள் பார்த்ததிலேயே நல்ல டேங்கர் சுவரொட்டி எது?" என்று கேட்கிறார்.

வரைபடம். தயங்காமல் சொல்வேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையில் கிட்டிமாட் என்ற ஊர் வரை குழாய் போட்டு, அங்கிருந்து டேங்கரில் எண்ணெயை ஆசியாவுக்கு அனுப்புவது என்பிரிட்ஜ் நிறுவனத்தின் நார்தர்ன் கேட்வே திட்டம். கிட்டிமாட்டிலிருந்து திறந்த கடலுக்குப் போக டக்ளஸ் கால்வாய் வழியாக, தீவுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். நிறுவனம் வெளியிட்ட அனிமேஷன் படத்தில் கால்வாய் அகலமாக, நேராக, தீவே இல்லாமல் நீலமாக இருந்தது. 2012இல் இதைக் கவனித்தவர்கள் கணக்குப் போட்டார்கள். சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் தீவுகளைக் காணோம். படம் திட்டத்தைப் பொதுவாக விளக்குவதற்கானது, அளவு பார்ப்பதற்கல்ல என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? தீவுகள் இல்லாத படத்தையும் உள்ள படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஊரெல்லாம் பகிர்ந்துவிட்டார்கள்.

அந்த ஜோடிப் படத்தில் பறவை இல்லை, கறுப்பு இல்லை, கோஷம் இல்லை. எதிர்த்தரப்பே வரைந்து கொடுத்த படத்தில் விட்டதை மட்டும் நிரப்பினார்கள். சுவரொட்டிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மார்ச் 8, இன்னொன்று

அதே கால்வாயில் 2014 ஜூனில் நடந்ததும் என் கணக்கில் சுவரொட்டிதான். திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்த அதே வாரம், ஹார்ட்லி பே என்ற சிற்றூரின் பெண்கள் குரோஷா ஊசியால் பின்னிய பல வண்ணக் கயிற்றைப் படகுகளில் எடுத்துப் போய்க் கால்வாயின் குறுக்கே இழுத்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் நீளம். கப்பலை அது நிறுத்தாது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் படத்தைப் பார்த்தவுடன் இரண்டு விஷயம் புரிந்தது: கால்வாய்க்கு இரண்டு கரை உண்டு, இரண்டு கரையிலும் ஆள் உண்டு. (2016இல் நீதிமன்றம் ஒப்புதலை ரத்து செய்தது, அதே ஆண்டு நவம்பரில் அரசு திட்டத்தை நிராகரித்தது. கயிற்றால்தான் நடந்தது என்று சொல்லவில்லை. முதன்மையாக அது பழங்குடிச் சமூகங்களோடு முறையாகக் கலந்து பேசவில்லை என்ற வழக்கு.)

மார்ச் 9

"வரைபடம் போரடிக்கும், யாரும் நின்று படிக்க மாட்டார்கள்." இப்படி இருவர்.

போரடிக்கும் வரைபடம் போரடிக்கும், சரி. அளவை மட்டும் கவனியுங்கள். சூப்பர் டேங்கர் என்று நாம் சொல்லும் விஎல்சிசி வகைக் கப்பல் சுமார் 330 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 20 லட்சம் பீப்பாய் கொள்ளும். அதை உங்கள் விரிகுடாவின் வரைபடத்தில் அதே அளவுவிகிதத்தில் வையுங்கள். அகலமான விரிகுடா என்றால் கப்பல் எறும்பாகத் தெரியும், அப்போது அந்த யோசனையைக் கைவிடுங்கள். ஏமாற்றிப் பெரிதாக்க வேண்டாம், தீவைத் தொலைத்த அனிமேஷனுக்கும் நமக்கும் பிறகு என்ன வித்தியாசம்? குறுகலான வாய் என்றால் அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிப் பெரிதாகப் போடுங்கள்.

அளவு உதவாவிட்டால் எண்ணிக்கை. கனடாவின் வான்கூவர் அருகே உள்ள முனையத்துக்கு, டிரான்ஸ் மவுண்டன் என்ற எண்ணெய்க் குழாயின் விரிவாக்கத்துக்கு முன் மாதத்துக்குச் சுமார் 5 டேங்கர். விரிவாக்கம் முழு அளவில் ஓடினால் 34 வரை என்பது திட்டத்தின் சொந்தக் கணக்கு. இதை வைத்து ஒரு பயிற்சிக்காக மாதக் காலண்டர் போல வரைந்தேன். மேலே 5 சின்ன நிழலுருவங்கள், கட்டங்கள் பெரும்பாலும் காலி. கீழே 34. கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது, 31 கட்டத்தில் 34 அடங்காது. மூன்று கட்டங்களில் இரண்டிரண்டாகத் திணித்தேன். பார்க்கிறவர்களின் விரல் நேராக அந்த மூன்று கட்டங்களுக்குத்தான் போகிறது. ஞாயிறுக்கும் விடுப்பு இல்லை என்று ஒருவர் சிரித்தார். அந்த வாசகத்தையே கீழே போட்டேன்.

மார்ச் 10

ஆமாம், விபத்து நடந்தால் ஒன்று போதும், எண்ணிக்கை எதற்கு என்பதும் நியாயமான வாதம்தான். ஆனால் நடந்தால் என்ற சொல்லிலேயே பாதிப்பேர் தப்பித்துப் போய்விடுகிறார்கள். 34 என்பது 'நடந்தால்' இல்லை.

மார்ச் 12

விபத்தே நடக்காவிட்டாலும் கெடுதி உண்டு என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். சத்தம்.

அதே டிரான்ஸ் மவுண்டன் திட்டத்தின் ஒப்புதலை 2018 ஆகஸ்டில் கனடாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. காரணங்களில் ஒன்று, கப்பல் போக்குவரத்தின் பாதிப்பை மதிப்பீட்டிலேயே சேர்க்காமல் விட்டது. மறுபடி ஆராய்ந்த தேசிய எரிசக்தி வாரியம், 2019 பிப்ரவரியில், இந்தத் திட்டத்தோடு வரும் கப்பல் போக்குவரத்து அங்கே அழிவின் விளிம்பில் உள்ள 'தெற்குக் குடி' என்ற ஓர்கா திமிங்கலக் கூட்டத்துக்குக் கணிசமான தீங்கு செய்யக்கூடும் என்று எழுதியது. (திட்டத்தை அனுமதிக்கலாம் என்றும் அதே அறிக்கையில் பரிந்துரைத்தது. அது வேறு கதை.) ஓர்காக்கள் ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் சால்மன் மீனைக் கண்டுபிடிக்கின்றன. இன்ஜின் இரைச்சலில் அது குழம்புகிறது. இதற்கு ஒரு சொட்டு எண்ணெய் சிந்த வேண்டியதில்லை.

சத்தத்தை எப்படி வரைவது? இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வட்ட வட்டமாக அலை வரைந்தால் வைஃபை விளம்பரம் மாதிரி வருகிறது. திமிங்கலத்துக்குக் காது வரைந்தால் குழந்தைப் புத்தகம். இப்போதைக்குக் கொஞ்சம் உருப்படியாக வந்திருப்பது இது: சுவரொட்டி முழுக்க ஒரு பத்தி எழுத்து, ஒரு மீன் எங்கே இருக்கிறது என்று திசை சொல்லும் வாக்கியம். அதன் மேல் டேங்கரின் நிழலுருவம் பத்து முறை, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் மெல்லிய சாம்பல். நடுவில் சாம்பல் சேர்ந்து சேர்ந்து எழுத்தே தெரியவில்லை. மீன் எங்கே என்ற இடம் சரியாக அங்கேதான் இருக்கிறது. படிக்க முயன்று எரிச்சல்பட்டார்கள். எரிச்சல்தான் வேண்டும்.

மார்ச் 13

கனமாகவே போகிறது, கொஞ்சம் சிரிப்போம். கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் லூன் என்ற நீர்ப்பறவை நீந்திக்கொண்டிருக்கும். டாக்வுட் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு அந்தப் பறவையின் மேல் ஒட்டக் கறுப்பு ஸ்டிக்கர் அச்சடித்துக் கொடுத்தது. ஒட்டினால் நாணயத்துப் பறவை எண்ணெயில் கிடப்பது போல ஆகிவிடும். சில்லறை வாங்கும் ஒவ்வொரு கையிலும் சுவரொட்டி. சுவரும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

மார்ச் 13, பிறகு

"பறவை வேண்டாம் என்று பத்து நாளாகப் பிரசங்கம் செய்துவிட்டு இப்போது பறவையா?" மடக்கிவிட்டதாக நினைக்கிறீர்கள், பரவாயில்லை. அது யாரோ ஒரு பாவப்பட்ட பறவை இல்லை, உங்கள் சட்டைப் பையில் ஏற்கெனவே இருக்கும் பறவை. கலீசியாவில் பிரெஸ்டீஜுக்குப் பிறகு எழுந்த நுன்கா மாய்ஸ் இயக்கமும் இதைத்தான் செய்தது. தங்கள் கொடியின் வெள்ளையைக் கறுப்பாக்கியது, குறுக்கே ஓடும் நீலப் பட்டையை அப்படியே விட்டது. புதிதாக எதையும் வரையவில்லை. வீட்டு பால்கனிகளில் தொங்கியது. மக்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் படத்தில் ஒரே ஒரு மாற்றம். அந்த மாதிரி ஒரு படம் உங்கள் கரைக்குக் கிடைத்தால் நான் சொன்ன மற்ற எல்லாவற்றையும் தூக்கிப் போடலாம்.

மார்ச் 16

அச்சு பற்றிக் கேட்டவருக்கு.

ஃப்ளெக்ஸில் அடிக்காதீர்கள். ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி, அதில் எண்ணெயிலிருந்து வரும் பொருளும் சேர்ந்திருக்கிறது. எதிர்த்தரப்பு அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். காகிதம் போதும். மழையில் நனைந்தால் நனையட்டும், இன்னொன்று ஒட்டலாம்.

ரிசோகிராஃப் என்ற நகல் அச்சு இயந்திரம் மலிவு, மை சோயா அல்லது அரிசித் தவிட்டு எண்ணெயில் செய்தது, அதனால் வாதத்துக்கும் பொருந்தும். ஆனால் பெரிய கறுப்புப் பரப்பு அதில் திட்டுத்திட்டாக வரும், மை முழுதாகக் காய்வதும் இல்லை, தொட்டால் கையில் ஒட்டும். ஒரு நண்பர் இதைக் குறை என்று பார்க்காமல், கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பாக அடித்து, எடுத்துக்கொண்டு போங்கள் என்று மேசையில் அடுக்கி வைத்தார். எடுத்தவர்கள் எல்லாம் கை கழுவ இடம் தேடினார்கள். திட்டியவர்களும் உண்டு. ஒரு அம்மா சேலையில் பட்டுவிட்டது என்று சண்டைக்கே வந்துவிட்டார், அது நியாயமான சண்டை. நான் செய்ய மாட்டேன், ஆனால் மறக்கவும் இல்லை.

கறுப்பு என்றதும் ஒன்று. கடலில் சிந்திய கச்சா எண்ணெய் பல வகைகளில் சில நாளில் தண்ணீரைக் குடித்துக் கெட்டியாகி, பழுப்பு நிறக் குழம்பாக மாறும். சுத்தம் செய்தவர்களைக் கேட்டால் பழுப்பு என்பார்கள், நாம் மட்டும் பளபளக்கும் கறுப்பு அடிக்கிறோம். பழுப்பில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கம் கறுப்பில் வராது. கறுப்பு எதை வரைந்தாலும் நேர்த்தியாக்கிவிடுகிறது.

மார்ச் 17

வாசகத்துக்கு வருவோம். 'கடலைக் காப்போம்' என்பதை டேங்கர் நிறுவனமும் தன் ஆண்டறிக்கை அட்டையில் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் எதிரில்லாத வாசகம்.

கனடாவின் 2019 தடைச் சட்டம் எவ்வளவு குறிப்பானது என்று பாருங்கள். வான்கூவர் தீவின் வடமுனையிலிருந்து அலாஸ்கா எல்லை வரை, அந்தக் கரைத் துறைமுகங்களில், 12,500 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயோ எளிதில் ஆவியாகாத கனரக எண்ணெயோ உள்ள டேங்கர் நிற்கவும் ஏற்றவும் இறக்கவும் கூடாது. கடந்து போகும் கப்பலை அது தடுக்கவில்லை, துறைமுகத்தைத்தான் தடுத்தது. சிற்றூர்களுக்கு டீசல் கொண்டுவரும் சின்னக் கப்பலையும் விட்டுவைத்தது. இவ்வளவையும் சுவரொட்டியில் போடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குழு கேட்பது எது? கப்பலே வேண்டாமா, இந்தத் துறைமுகம் வேண்டாமா, இரவில் வேண்டாமா, இழுவைப் படகு துணை இல்லாமல் வேண்டாமா? குழுவுக்குள்ளேயே பதில் வேறு வேறாக இருக்கும், நான் பார்த்த வரையில் எப்போதும் அப்படித்தான். அந்தச் சண்டையை முடித்துவிட்டு வாருங்கள், வாசகம் ஐந்து நிமிடத்தில் எழுதலாம்.

மார்ச் 18

"நீங்கள் மட்டும் பெட்ரோல் வண்டியில் போவதில்லையா?" வந்துவிட்டதா இந்தக் கேள்வி. இவ்வளவு தாமதமாக வந்ததுதான் ஆச்சரியம். போகிறேன். இதை மறைக்கிற சுவரொட்டி வேண்டாம். நாளை முதல் எண்ணெயே கூடாது என்று டேங்கர் எதிர்ப்புக் குழு சொல்வதாக ஒரு தோற்றம் வந்துவிட்டால் மீனவர்களே விலகிவிடுவார்கள், அவர்கள் படகும் டீசலில்தான் ஓடுகிறது. அதனால்தான் எந்தக் கரை, எந்தக் கால்வாய் என்று இடத்தைச் சொல்லுங்கள் என்று நச்சரிக்கிறேன்.

மார்ச் 21

கேள்வி கேட்டவர் தன் வரைவை அனுப்பியிருக்கிறார். பறவை போய்விட்டது. விரிகுடாவின் வாய், ஒரு கப்பல், சரியான அளவில். கப்பல் நன்றாக இருக்கிறது, தாழ்ந்தும் இருக்கிறது, குழாய்க்கொத்தும் நடுவில்.

திருத்த வேண்டியவை: கரையில் ஊர்ப்பெயர்கள் ஒன்றுகூட இல்லை, அங்கே வாழ்பவர்கள் தங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வரைபடத்தின் பாதி சுகம். மூன்று மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் இருந்தால் நல்லது, உங்களுடையது பாதிகூட இல்லை. தலைப்பை மேலே ஏற்றுங்கள், கீழ் ஓரத்தைத்தான் முதலில் யாராவது கிழிப்பார்கள். கடலுக்கு அந்த நீலச் சாய்வு வேண்டாம், வெறும் காகிதமாகவே விடுங்கள், ஒரு மை மிச்சம். கப்பலுக்கு என்ன நிறம் என்று கேட்டிருந்தீர்கள். பழுப்பு.